கதவில்லாத அறையை வரைந்தவர்

சாத்தனேந்தலுக்கு ஒரு சமுதாயக் கூடம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மாயக்காள் கேட்டது ஓர் அறை. நாலு சுவரும் ஒரு கதவும் உள்ள அறை. அதைக் கேட்ட குற்றத்துக்காக ஏழு வருஷம் அவள் பட்ட பாட்டை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

மாயக்காளுக்கு அப்போது ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். புருஷன் போன பிறகு நாலு ஏக்கர் கரிசலில் பருத்தியும் மிளகாயும் போட்டு, மகனுக்குக் கல்யாணமும் முடித்துவிட்டவள். பஞ்சாயத்தில் ஒரு பெண் உறுப்பினர் இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொன்னதால், தலைவர் உக்கிரபாண்டி ஒரு நாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "மதினி, கையெழுத்துப் போடத் தெரிஞ்ச பொம்பள நம்ம தெருவுல நீங்க ஒருத்தரு. வந்து உக்காருங்க. பேச வேண்டியதெல்லாம் நாங்க பேசிக்கிறோம்" என்றார்.

அவள் போய் உட்கார்ந்தாள். முதல் கூட்டத்திலேயே பேசிவிட்டாள்.

வியாழக்கிழமைதோறும் திருச்சுழியிலிருந்து நர்ஸம்மா பஸ்ஸில் வருவாள். பஸ் நிற்கும் இடத்துப் புளியமரத்தடியில்தான் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பாள். இரண்டு பேர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேலையைப் பிடித்துக்கொள்ள, நடுவில் ஒருத்தி வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்திருப்பாள். அந்த நேரம் பார்த்து நரிக்குடி பஸ்ஸும் பத்து நிமிஷம் நிற்கும். மரத்தடிப் பக்கத்து ஜன்னலோரத்தில் உட்காருவதற்கென்றே சிலர் நரிக்குடியிலேயே துண்டு போட்டு இடம் பிடித்து வந்தார்கள்.

"கதவு போட்ட ரூமு ஒண்ணு வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள் மாயக்காள்.

உக்கிரபாண்டி மனு எழுதினார். மனு நரிக்குடிக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ போய், கடைசியில் சென்னையில் 'ஊரகப் பொதுக்கூட வடிவமைப்பு மன்றம்' என்ற இடத்தில் போய் விழுந்தது. அந்த மன்றம் அந்த வருஷம்தான் 'திறந்த வரைபடத் திட்டம்' என்ற ஒன்றைத் தொடங்கியிருந்தது. தொடங்கிவிட்டார்களே தவிர, திறக்க ஊர் அகப்படவில்லை. மனு வந்ததும் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள்.

அறுபத்தெட்டாம் வருஷம் தை மாதம் இரண்டு ஜீப்புகள் வந்தன. முதல் ஜீப்பில் மன்றத்தின் இயக்குநர் நாகசுப்பிரமணியன் வந்தார். இரண்டாவது ஜீப்பில் அவருடைய நாற்காலியும் ஒலிபெருக்கியும் வந்தன. கதர் ஜிப்பா, தோளில் பை, காலில் விலை உயர்ந்த எளிய செருப்பு. ஒலிபெருக்கி முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

"சாத்தனேந்தல் பெருமக்களே! இதுநாள்வரை உங்கள் கட்டடங்களை யார் வரைந்தார்கள்? பட்டணத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவர்கள் வரைந்தார்கள். நானும் அவர்களில் ஒருவன். அந்த அகந்தையை உங்கள் காலடியில் கொட்டிவிட்டுப் போக வந்திருக்கிறேன். இனி வரைபடத்துக்கு ஆசிரியன் கிடையாது. மக்களே ஆசிரியர். இது திறந்த வரைபடம். யார் வேண்டுமானாலும் மாற்றலாம், யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். எதை மாற்றலாம், எதைச் சேர்க்கலாம் என்பதை மட்டும் நாங்கள் சொல்லுவோம்!"

கடைசி வாக்கியத்துக்குத்தான் கைதட்டல் பலமாக இருந்தது. கூட்டம் முடியப்போகிறது என்று நினைத்துவிட்டார்கள்.

பிறகு ஒரு பெரிய வெள்ளைத் தாளை விரித்து, எல்லாரும் கருத்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். மாயக்காள் எழுந்தாள். "கதவு போட்ட ரூமு வேணுங்கய்யா."

இயக்குநர் கண்ணைத் திறந்தார். கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீர்களா? கதவு என்கிறார். கதவு என்றால் கதவா? பெண்மையின் உள்வெளியை அல்லவா இந்த அம்மையார் கேட்கிறார்!"

"இல்லங்கய்யா. கதவுதான். தாப்பா வச்சது."

"என்ன ஆழம் பாருங்கள்" என்றார் இயக்குநர். 'உள்வெளி' என்று தாளில் எழுதி வட்டம் போட்டார்கள். மாயக்காள் கையில் ஓர் அளவுகோலைக் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

பதினொரு மாதம் கழித்து வரைபடம் வந்தது. கொண்டுவந்தவர் ஓவர்சியர் திம்மையா. அருப்புக்கோட்டையில் நெசவுக் குடும்பம். அண்ணன் தம்பி நாலு பேரும் தறியில் உட்கார, இவர் ஒருவர்தான் படித்து வேலைக்குப் போனவர். வேலை போய்விட்டால் தறிக்குழிக்குள் இறங்கத் தனக்குக் கால் மடங்காது என்ற பயத்திலேயே காலம் தள்ளிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் பயம் கொஞ்சம் அதிகம்.

கொத்தனார் வீரபத்திரன் வரைபடத்தைப் பிரித்தான். மேலும் கீழும் பார்த்தான்.

"ஓவர்சியரய்யா, இதைத்தான நான் மூணு வருசத்துக்கு முன்னாடி வீரசோழனுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊருல கட்டுனேன்? அதே மேடை, அதே ரேடியோப் பொந்து. கீழ ஒரு துண்டுத் தாளு மட்டும் புதுசா ஒட்டியிருக்கு."

துண்டுத் தாளில் 'மக்கள் வரைந்தது' என்று அச்சடித்திருந்தது.

திம்மையா குடையை மடக்கினார். "நானும் கேட்டேம்ப்பா. எல்லா ஊரு ஜனங்க கருத்தையும் தொகுத்துப் பாத்தா இந்தப் படந்தான் வருதாம். இந்த வருசம் சேந்த நூத்துப் பன்னெண்டு ஊருலயும் இதேதான் வந்திருக்காம். ஜன ஒற்றுமைன்னு டைரக்டரு ரொம்பச் சந்தோசப்படுறாரு."

"ரூமு எங்கங்கய்யா?" என்றாள் மாயக்காள்.

அறை இல்லை. மேற்கே பார்த்த வாசல் இருந்தது. சித்திரை மாதத்து மூணு மணி வெயில் நேரே உள்ளே வந்து மேடையில் உட்காரும்படியான வாசல். அஸ்திவாரம் இரண்டு அடி. கரிசல் மண்ணில் இரண்டு அடி அஸ்திவாரத்தில் ஆட்டுக்குக் கொட்டில்கூடப் போட மாட்டார்கள். ஆனால் வரைபடத்தில் கூடத்துக்கு முன்னால் இரண்டு தென்னை மரங்கள் இருந்தன. குடை பிடித்த ஒரு சீமாட்டி இருந்தாள். ஒரு நாயும் இருந்தது.

மாயக்காள் அதை மடித்துத் திம்மையாவிடமே கொடுத்தாள். "திறந்த படம், யாரு வேணும்னாலும் மாத்தலாம்னு அவுகதான சொன்னாக? மாத்திக்கிறோம்."

"அய்யய்யோ, என்கிட்டச் சொல்லாதீங்கம்மா" என்றார் திம்மையா. "பங்குனி, சித்திரை ரெண்டு மாசமும் எனக்கு வெயில் ஒத்துக்காது. நான் இந்தப் பக்கம் வர மாட்டேன். நான் பாக்காத எதுவும் எனக்குத் தெரியாது." சொல்லிவிட்டு வந்த பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டார்.

பங்குனியில் மாயக்காளும் வீரபத்திரனும் கயிறு பிடித்தார்கள். அவள் சாம்பலைத் தூவிக்கொண்டே நடந்தாள். கோடு போன இடம் சுவர். வாசலைக் கிழக்கே திருப்பினாள். படத்தில் மேடை இருந்த இடத்தில் அறை வந்தது. படுத்திருப்பவளை வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாதபடி ஜன்னல் ஆள் உயரத்துக்கு மேலே போனது. கழுவிவிட்ட தண்ணீர் வெளியேற மூலையில் ஒரு தூம்பு. கூடத்தின் தெற்குச் சுவரில் செங்கல்லை ஒன்று விட்டு ஒன்று வைத்துக் காற்றுக்கு வழிவிட்டான் வீரபத்திரன். அஸ்திவாரம் ஐந்து அடி இறங்கியது. கதவுக்கு வேப்பமரத்தை உக்கிரபாண்டி கொடுத்தார். மாயக்காள் தாழ்ப்பாளைப் பத்துத் தடவை போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தாள்.

வேலை முடிந்து திம்மையா வந்தார். அறையைச் சுற்றி வந்தார். உள்ளே போய் நின்று மேலே பார்த்தார். "நல்லாருக்கு" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார்.

"எல்லாம் சரிதான். தென்னை மரம் எங்க?"

"என்ன தென்னை?"

"படத்துல ரெண்டு தென்னை இருக்கில்ல? முடிவுச் சான்றுக்கு அதை போட்டோ எடுத்து வைக்கணும். நாய் ஏற்கெனவே இருக்கு, அது பரவால்ல. சீமாட்டிக்கு என்ன செய்யுறதுன்னு கேட்டு எழுதியிருக்கேன்."

குடிதண்ணீருக்கே இரண்டு மைல் நடக்கிற ஊரில் தென்னை வைக்க வேண்டியதாயிற்று. அருப்புக்கோட்டையிலிருந்து இரண்டு கன்றுகள் வந்தன. வெள்ளிக்கிழமை நட்டார்கள். சனிக்கிழமை ஆடு தின்றது. திம்மையா கோப்பில் 'நடப்பட்டது, உண்ணப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சீமாட்டியைப் பற்றிச் சென்னையிலிருந்து கடைசிவரை பதில் வரவில்லை.

ஒன்றே கால் வருஷம் அந்த அறை அறையாக இருந்தது. வியாழக்கிழமைகளில் பெண்கள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். பஸ்ஸில் ஜன்னலோரத்துக்கு மவுசு குறைந்தது. அந்த அறையில் ஆறு குழந்தைகள் பிறந்தன. வெயில் காலத்தில் கூடத்துக்குள் காற்று சிலுசிலுவென்று வந்தது.

அப்புறம் யாரோ மன்றத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போட்டார்கள். ஜன்னலோரத்துக்காரர் யாராவது இருக்கலாம்.

விசாரணை திருச்சுழியில் பயணியர் மாளிகையில் நடந்தது. நடுவில் நாகசுப்பிரமணியன். பக்கத்தில் அவர் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்ள இரண்டு பேர். எதிரில் நின்றுகொண்டு மாயக்காள், வீரபத்திரன், உக்கிரபாண்டி. நாற்காலிகள் இருந்தன. உட்காரச் சொல்லத்தான் ஆள் இல்லை.

"திறந்த வரைபடத்தை மாற்றியது யார்?"

"நான்தாங்கய்யா. யாரு வேணும்னாலும் மாத்தலாம்னு நீங்க சொன்னீக."

"மாற்றலாம். யார் மறுத்தது? ஆசிரியரின் எழுத்துபூர்வமான அனுமதி பெற்று மாற்றலாம்."

"ஆசிரியரு யாருங்கய்யா?"

"மக்கள்" என்றார் இயக்குநர், கொஞ்சம் வருத்தத்தோடு. "இதுகூடத் தெரியாமலா இத்தனை நாள் இருக்கிறீர்கள்? மக்கள் மக்களுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் மூன்று பிரதிகளில், என் மூலமாகப் போக வேண்டும்."

"நாங்கதான மக்கள்?"

"நீங்கள் மாயக்காள். இவர் வீரபத்திரன். இவர் உக்கிரபாண்டி. மக்கள் என்பதற்கு உங்களிடம் ஏதாவது சான்று இருக்கிறதா?"

மாயக்காள் யோசித்தாள். நிலத்துக்குப் பட்டா இருந்தது. அரிசிக்குக் கார்டு இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை.

"சான்று இல்லாதவர்கள் மக்களுடைய படைப்பில் கை வைத்திருக்கிறீர்கள்" என்றார் இயக்குநர். கண்ணை மூடிக்கொண்டார். "அந்தப் படைப்பைக் காக்க வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது."

மீறல் முறைப்படுத்தப்படும்வரை, படத்தில் இல்லாத கதவைப் படத்தில் இருப்பதுபோல ஆக்க வேண்டும் என்று உத்தரவு. படத்தில் அந்த இடத்தில் சுவர் இருந்தது. இரண்டு நாளில் வெளியூர் ஆட்கள் வந்து, கதவைக் கழற்றிவிட்டு, நிலையைச் செங்கல்லால் அடைத்துப் பூசிவிட்டுப் போனார்கள். உள்ளே நர்ஸம்மாவின் பெஞ்சும் ஒரு பித்தளைச் செம்பும் இருந்தன. எடுக்க நேரம் கொடுக்கவில்லை.

மறுபடியும் புளியமரம்.

மாயக்காளின் மருமகள் குருவம்மாள் அப்போது தலைப்பிள்ளையை வயிற்றில் வைத்திருந்தாள். இருபது வயது. முதல் வியாழக்கிழமை மரத்தடியில் படுத்தவளைப் பஸ்ஸுக்குள்ளிருந்து ஒருவன் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் எழுந்து வீட்டுக்கு நடந்துவிட்டாள். "செத்தாலும் அங்க போயிப் படுக்க மாட்டேன் அத்தை" என்றாள். போகவில்லை. மூன்று மாதம் நர்ஸம்மா கை அவள் வயிற்றில் படவில்லை. பிள்ளை குறுக்கே கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. வலி கண்டு, வண்டி கட்டி, அருப்புக்கோட்டை போய்ச் சேருவதற்குள் பிள்ளை போய்விட்டது. ஆண் பிள்ளை. குருவம்மாளை மட்டும் திருப்பிக் கூட்டிவந்தார்கள். அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசவில்லை. மாயக்காளும் பஞ்சாயத்துக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

அந்தக் காலாண்டுக்கு மன்றம் அனுப்பிய அறிக்கையில் சாத்தனேந்தலைப் பற்றி ஒரு வரி இருந்தது: 'பெண்களின் உள்வெளி முறையாகப் பாதுகாக்கப்பட்டது.'

இதற்கு நடுவில் டில்லியிலிருந்து ஒரு குழு வந்தது. திருச்சுழிக் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வெயில் தாங்காமல் சாத்தனேந்தல் கூடத்தில் வந்து ஒதுங்கினார்கள். ஒன்று விட்டு ஒன்று வைத்த செங்கல் வழியாகக் காற்று வந்தது. குழுவின் தலைவர் சுவரைத் தடவிப் பார்த்தார். "அற்புதம். இதை வடிவமைத்தது யார்?" என்று கேட்டார்.

கூட வந்திருந்த நாகசுப்பிரமணியன் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரம் யோசித்தார். அவ்வளவு நேரம்தான்.

"அடியேன்" என்றார்.

அதிலிருந்து வேலை மின்னல் வேகத்தில் நடந்தது. மன்றத்திலிருந்து ஆட்கள் வந்து கூடத்தை அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். இருக்கிறதை இருக்கிறபடி வரைய வேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவு. இருக்கிறபடியே வரைந்தார்கள். அறையைச் சுற்றி நாலு பக்கமும் சுவர் இருந்தது. உள்ளே எப்படிப் போவது என்று வரைந்தவர்களும் கேட்கவில்லை, சரிபார்த்தவர்களும் கேட்கவில்லை. 'மாதிரி எண் 9, வடிவமைப்பு: நாகசுப்பிரமணியன்' என்று அது அச்சாகி, சுற்றுவட்டாரத்தில் நாற்பது ஊர்களில் நாற்பது கூடங்களாக எழுந்தது. ஒவ்வொரு கூடத்திலும் கதவே இல்லாத ஓர் அறை. டில்லியில் அதற்கு ஒரு விருதும் கொடுத்தார்கள்.

எழுபத்து மூன்றாம் வருஷம் மாசியில் சாத்தனேந்தலில் கல்வெட்டுத் திறப்பு. நாலு ஜீப்புகள். மாயக்காளுக்குச் சால்வை போர்த்த வேண்டும் என்று திம்மையா வந்து கெஞ்சினார். "மக்கள் பிரதிநிதியா நீங்க வந்து நிக்கணும்மா. வரலேன்னா என்னை ராமேஸ்வரத்துக்கு மாத்திருவாக."

"அன்னைக்கு மக்கள் இல்லேன்னாரே?"

"இன்னைக்கு இருக்கீகளாம்."

அவள் போனாள். இயக்குநர் பேசினார்.

"பலர் என்னைக் கேட்கிறார்கள், இந்த அறைக்கு ஏன் கதவு இல்லை என்று. நண்பர்களே, கதவு என்பது ஆணின் சிந்தனை! யாரும் நுழைய முடியாத அறை, அதுவே பெண்ணின் உள்வெளி. இதை நான் வரைந்த அன்று மூன்று நாள் உண்ணவில்லை. ஒரு படைப்பாளியின் வலியை, ஒரு பிரசவ வேதனையை, அன்று நான் அனுபவித்தேன்."

கூட்டத்தின் ஓரத்தில் குருவம்மாள் நின்றிருந்தாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். மாயக்காள் அதைப் பார்த்தாள்.

சால்வை போர்த்தினார்கள். போர்த்திய சால்வையை அவள் மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். கல்வெட்டை நட்டுவிட்டு வீரபத்திரன் கடப்பாரையோடு நின்றிருந்தான்.

"கொண்டாப்பா அதை."

"அக்கா, கை வலிக்கும். நான் இடிக்கேன்."

"முதல் குத்து நான் குத்துறேன்."

அவள் குத்தினாள். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டாவது குத்தில் ஒரு செங்கல் உள்ளே விழுந்தது. அது பித்தளைச் செம்பின் மேல் விழுந்திருக்க வேண்டும், கணீரென்று சத்தம் கேட்டது. ஒலிபெருக்கி முன்னால் நின்றிருந்த இயக்குநர் அலறினார்.

"ஏய்! அது என் சுவர்! என் சுவர்!"

ஐந்து வருஷத்தில் அவர் பேசியதிலேயே ஊருக்கு முழுசாக விளங்கிய வாக்கியம் அது ஒன்றுதான்.

வீரபத்திரன் மிச்சத்தை இடித்தான். போலீஸைக் கூப்பிட இயக்குநர் சொன்னபோது உக்கிரபாண்டி, "வாய்க்குள்ள கொசு போயிருச்சு" என்று சொல்லித் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். ஜீப்புகள் கிளம்பிவிட்டன. அடுத்த வியாழக்கிழமை நர்ஸம்மா வந்தபோது நிலையில் கதவு இல்லை, ஒரு சாக்குப் படுதாதான் தொங்கியது. குருவம்மாள் படுதாவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, யாரும் கிட்ட வராமல் பார்த்துக்கொண்டாள்.

விஷயம் பஸ்ஸில் ஏறி ஊர் ஊராகப் போய்விட்டது. நரிக்குடிப் பக்கத்திலிருந்து ஆறு பெண்கள் வந்தார்கள். தலைமையாக வந்தவள் ஒச்சம்மாள் என்று ஒருத்தி. "எங்க ஊருலயும் ஒரு ரூமு கட்டிப் பூசி வச்சிருக்காக. கதவை எந்தப் பக்கம் உடைக்கணும் அக்கா? உங்களுதப் பாத்து அளந்துட்டுப் போக வந்தோம்" என்றாள்.

"எதுக்கு அளக்குற? உங்க ஊருல காத்து எங்கிட்டு வருது, ரோடு எங்கிட்டு இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? ரோட்டுக்கு முதுகு காட்டுற பக்கமா உடைங்க. என்கிட்டயும் கேக்காதீக, எவன்கிட்டயும் கேக்காதீக" என்றாள் மாயக்காள்.

அடுத்த பொங்கலுக்குள் முப்பத்தேழு ஊர்களில் முப்பத்தேழு விதமாக உடைத்துவிட்டார்கள்.

மன்றம் அனுப்பிய நோட்டீஸை எடுத்துக்கொண்டு திம்மையா வந்தார். மாயக்காள் களத்தில் மிளகாய் வற்றல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் நின்றுகொண்டே படித்தார். 'விருது பெற்ற வடிவமைப்பைச் சிதைத்தது' என்று குற்றச்சாட்டு. கோர்ட்டுக்குப் போகாமல் விட்டுவிட ஒரு வழியும் சொல்லியிருந்தார்கள். மாதிரி எண் 9-ஐத் தான் வடிவமைக்கவில்லை, அது முழுக்க முழுக்க இயக்குநரின் சொந்தக் கற்பனை என்று மாயக்காள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். டில்லியில் யாரோ கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தார்கள் போல.

திம்மையாவுக்குப் படிக்கப் படிக்க வியர்த்தது. "கையெழுத்துப் போட்றாதீங்கம்மா" என்றார் திடீரென்று. "நானே சாட்சி சொல்றேன். பங்குனி மாசம் நீங்க சாம்பல் போட்டப்ப நான் வந்தேன். பஸ்ஸுலருந்து இறங்காமப் பாத்துட்டுப் போனேன். மெனக்கெட்டு மூணு தடவ வந்தேன்."

மாயக்காள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "பேனாவைக் கொடுங்க. அவரு நெனச்சதாவே இருக்கட்டும். கதவு இல்லாத ரூமை அவருதான வரைஞ்சாரு? அந்தப் பேரு எனக்கு வேண்டாம். அவரே வச்சுக்கிறட்டும்."

கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுத் தாளைத் திருப்பித் தரவில்லை. கூடவே இணைத்திருந்த வரைபடத்தை விரித்து, கீழே மூலையில் இருந்த கட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். வடிவமைத்தவர். வரைந்தவர். சரிபார்த்தவர். ஒப்புதல் அளித்தவர்.

"இடிச்சவுகளுக்கு எங்க கட்டம்?"

"அப்படி ஒரு கட்டம் கிடையாதும்மா."

"போடுங்க. எம் பேரு, வீரபத்திரன் பேரு, அந்த ஒச்சம்மா பேரு, முப்பத்தேழு ஊருப் பேரும் வரணும்."

திம்மையா களத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கால் மடங்கத்தான் செய்தது. பையிலிருந்து அளவுகோலையும் பென்சிலையும் எடுத்து, அத்தனை பேருக்கும் இடம் போதுமா என்று பார்த்தார். போதாது. நாகசுப்பிரமணியன் பேர் இருந்த கட்டத்தின் ஒரு பக்கத்துக் கோட்டை ரப்பரால் அழித்துவிட்டு வரையத் தொடங்கினார்.